யாரோ ஒருத்தியின் வாயில் உங்கள் குரல்

அக்கா,

நேற்று கோவளம் போகும் பேருந்தில் உங்கள் குரலைக் கேட்டேன்.

அடுத்த கதைக்குக் கடலோரம் ஒரு வீடு பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் மீன் விற்கிற அம்மா ஒருவர், காலி அன்னக்கூடையைக் காலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். கேளம்பாக்கம் நெருங்கும்போது அந்தக் கைப்பேசியிலிருந்து நீங்கள் அதட்டினீர்கள். “எம்புள்ள சம்பாரிச்சுப் போடுவான், நீ நோவாம குந்திகினு துன்னுவியா?” கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்து, சட்டென்று வெட்டினீர்கள். நீங்கள் மட்டும்தான் அப்படி வெட்டுவீர்கள். நான் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டேன்.

திரையில் இருந்தது நீங்கள் இல்லை. ஒடுங்கிய முகம், பட்டுப்புடவை, பெரிய மூக்குத்தி. இதுவரை நான் பார்த்திராத ஒருத்தி. அவள் வாய் அசைந்தது, உங்கள் குரல் வந்தது.

“இன்னாமா எட்டிப் பாக்கற? நீயும் இந்த நாடகம் பாக்கறியா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“இல்லக்கா, அந்தக் குரல்…”

“ஆமா, செம கொரலு. கேட்டாலே இவ வாயில மண்ண அள்ளிப் போடணும் போல கீது,” என்று சிரித்தபடி கட்டைவிரலால் உங்களை மேலே தள்ளிவிட்டார். அடுத்ததாக ஏதோ சமையல் வந்தது.

நான் உட்கார்ந்துகொண்டேன். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? இந்தக் குரலுக்கு உரியவரைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது என்றா?

உங்களை நான் முதலில் கண்டதும் காதால்தான். கல்யாண வீடியோ எடுப்பதை விட்டுவிட்டு, கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிற குட்டி நாடகங்களை ஒரு செயலிக்காக எடுக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு பகுதி இரண்டு நிமிடம்கூட வராது. தொடங்கியதும் யாராவது யாரையாவது அறைய வேண்டும், முடியும்போது யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர வேண்டும். நடுவில் இருப்பதுதான் கதை. மாமியாராக நடிக்க ஒப்புக்கொண்டவர் தொலைக்காட்சித் தொடர் கிடைத்துப் போய்விட, நான் தாம்பரம் மார்க்கெட்டில் குழம்பிப்போய் நடந்துகொண்டிருந்தேன். ஒரு துணிக்கடை வாசலில் நீங்கள் மைக் பிடித்து நின்றீர்கள்.

“வாங்கம்மா வாங்க, உள்ள வந்து பாக்கறதுக்குக் காசு இல்ல, தொட்டுப் பாக்கறதுக்கும் காசு இல்ல!” என்று தேன் ஒழுகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அதே மூச்சில், அதே மைக்கில், “ஏய், யாரு பெத்த புள்ள அது? பொம்ம கைய ஒடைக்குது பாரு, எறக்கு!” என்று கத்தினீர்கள். பழ வண்டிக்காரர் உட்படத் தெருவே திரும்பிப் பார்த்தது. என் மாமியார் கிடைத்துவிட்டார்.

“நடிக்கறீங்களாக்கா? போன்ல வர்ற நாடகம்.”

“போன்லயா? குள்ளமாத் தெரிய மாட்டேன்?”

“நெட்டையாத் தெரிவீங்க.”

“யார திட்டணும்?”

“மருமகள.”

“எனக்குப் புள்ளையே கெடயாது பாப்பா, மருமகளுக்கு எங்க போவேன்?” என்று சிரித்தீர்கள். அதை அவ்வளவு லேசாகச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து கடைசிவரை நான் உங்களுக்குப் பாப்பாதான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டில்தான் எல்லாம் நடக்கும். கூடம்தான் பங்களா, மாடி அறைதான் ஆஸ்பத்திரி, கார் நிறுத்துமிடம்தான் போலீஸ் ஸ்டேஷன். நெட்டுக்குத்தான அந்தச் சட்டகத்தில் ஒரு முகத்துக்குத்தான் இடம். இரண்டு பேர் வந்தால் ஒருவர் தோள் வெட்டுப்படும். “பக்கத்துல ஒருத்திய நிக்க வைக்க எடமில்லாத சினிமா இன்னா சினிமா?” என்று கிண்டல் செய்வீர்கள். ஆனால் கேமரா ஓடத் தொடங்கினால் அந்த ஒற்றை முகம் போதும். மருமகளாக நடித்த பெண் நிஜமாகவே பயந்து அழுவாள். எடுத்து முடித்ததும் அவளைக் கட்டிக்கொண்டு, “கண்ணு, உன்ன இல்லம்மா” என்பீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரை, அண்ணனை, நீங்கள் முதலில் அழைத்துவந்தது அப்போதுதான். தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர், சர்க்கரை நோயால் பார்வை போய் வீட்டோடு இருந்தார். “எங்க ஸ்டாண்டு இவ கட எதுக்கத்தான்மா. நாள் பூரா எம்பொண்டாட்டி கொரல கேட்டுகினே சவாரி ஏத்துவேன். எந்தப் புருஷனுக்குக் கெடைக்கும் சொல்லு?” என்றார். நீங்கள் வசனம் பேசும்போது வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிடுவார். அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டிவரும். “மாமா, வாய மூடு, இல்ல உன்ன ஆட்டோல ஏத்தி அனுப்பிடுவேன்” என்பீர்கள், மாமியார் குரலிலேயே.

கதை ஓடியது. கேம்ப் ரோடு காய்கறிக் கடைக்கார அம்மா உங்களுக்குக் கறிவேப்பிலை தர மறுத்ததை எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தீர்கள்! “அந்தப் பொண்ண அந்த அடி அடிச்சியே, உனக்குக் கொசுறு வேற வேணுமா?” என்று கேட்டாராம். பரிசு வாங்கியவர் போல முகம் பூரித்து வந்தீர்கள்.

அப்புறம் தொண்டை கட்டிக்கொண்டது. கத்திக் கத்தி வந்தது என்று நினைத்தோம். உப்புத் தண்ணீர், பனங்கற்கண்டு, மிளகுப் பால். குரல் கரகரத்தபோது, வில்லிக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னோம். தண்ணீர் விழுங்கவே வலிக்கிறது என்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. புற்று என்றார்கள். குரல் போகாமல் பார்க்கிறோம் என்று சொல்லித்தான் அறுவைக்கு எடுத்துப்போனார்கள். நாமும் நம்பினோம். அதனால்தான் ஒரு வார்த்தை பதிவு செய்து வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. தள்ளுபடுக்கையில் படுத்தபடி அண்ணன் கையைப் பிடித்து, “மாமா, கீழ கேன்டீன்ல இட்லி சொல்லிகீது, துன்னுட்டு மாத்திர போடு” என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து அவர் கேட்ட கடைசி வாக்கியம் அது. உள்ளே திறந்து பார்த்த பிறகு குரல்வளையை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளையோடு வெளியே வந்தீர்கள். மூச்சு அதன் வழியே வந்துபோனது, சத்தம் மட்டும் வரவில்லை.

பேச முடியாத மனைவி, பார்க்க முடியாத கணவன். நம் நாடகத்துக்கு இதை நான் எழுதிக் கொண்டுபோயிருந்தால், ரொம்ப அதிகமாக இருக்கிறது, குறைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் உங்கள் வீட்டில் அது தினமும் காலையில் எழுந்து பல் தேய்த்தது, சாப்பிட்டது, தூங்கியது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது உதடுகளில் இருந்தது. அண்ணனால் பார்க்க முடிந்தால்தானே? சாப்பாடு என்றால் தம்ளரைத் தட்டுவீர்கள். வெளியே போகிறேன் என்றால் அவர் தோளில் கை வைப்பீர்கள். அதற்கு மேல் சொல்ல உங்களுக்கு வழியில்லை. ஒருநாள் நீங்கள் கடைக்குப் போயிருந்ததை அறியாமல், பக்கத்தில் இருப்பதாக நினைத்து வெகுநேரம் அவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்து வாசலில் நின்று அதைப் பார்த்ததாக எனக்கு உதட்டசைவில் சொன்னீர்கள். சொல்லும்போது உங்களால் அழக்கூடச் சத்தமாக முடியவில்லை.

எழுதினால் படித்துக் காட்டும் செயலி ஒன்றை உங்கள் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தேன். எழுத்து எழுத்தாகத் தேடி நீங்கள் தட்ட, செய்தி வாசிக்கிற இளம்பெண் குரலில் அது பேசியது. அண்ணன் மிரண்டுபோனார். “யாரும்மா அது, வூட்டுக்குள்ள? யாரோ பொம்பள நிக்குது பாரு” என்றார். நாம் இருவரும் சிரித்தோம், நீங்கள் தோள் குலுங்க. மறுநாள் அந்தச் செயலியை எடுக்கச் சொல்லிவிட்டீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாடகச் செயலியின் நிறுவனத்திலிருந்து விவேக் பேசினார். சிறுசேரிப் பக்கம் அலுவலகம், நம் நாடகங்களை மேற்பார்க்கிறவர், நல்ல பையன். “மேம், அவங்க இல்லாம கதைய முடிக்க முடியாது. வந்து நடிக்கட்டும். வாய் அசைச்சாப் போதும். பழைய ரெக்கார்டிங் எல்லாம் இருக்குல்ல, அத வெச்சு குரல நாங்களே உருவாக்கிக்கறோம்” என்றார். உங்களிடம் கேட்டபோது நீங்கள் யோசிக்கவே இல்லை. தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். கழுத்தைத் தவிர்த்து முகத்தை மட்டும் எடுத்தோம். ஒற்றை முகத்துக்கான சட்டகம் அன்று உதவியது.

முடித்த பகுதி வந்ததும் உங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தேன். உங்கள் முகம், உங்கள் வாய், உங்கள் குரல், ஆனால் நீங்கள் பேசாத பேச்சு. கையைக் கழுத்துத் துணியின்மேல் வைத்துக்கொண்டு பார்த்தீர்கள். பிறகு கைப்பேசியை வாங்கி அண்ணன் காதருகே பிடித்தீர்கள். அவர் மூச்சுவிடாமல் கேட்டார்.

“எப்பப் பேசுன இத்த?” என்றார்.

நான் விளக்கினேன். புரிந்ததா என்று தெரியவில்லை. “இன்னொரு தபா போடு” என்றார். அதற்குப் பிறகும் இன்னொரு தபா. மருமகளை வீட்டை விட்டு விரட்டுகிற வசனம் அது.

அன்று என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். உதடுகளை மெதுவாக, நான் தவறவிடக் கூடாது என்பதுபோல அசைத்தீர்கள். அந்த மெஷினை நாலு வார்த்தை பேசச் சொல். “மாமா, சாப்ட்டியா.” “மாமா, நான் இங்கதான் கீறேன்.” “பயப்படாத.” அதைக் கைப்பேசியில் போட்டுக் கொடு, நான் அழுத்திக்கொள்கிறேன். அவ்வளவுதான் நீங்கள் கேட்டது.

கிடைத்துவிடும் என்று நினைத்தேன் அக்கா. பக்கம் பக்கமாக வசை பேசுகிற இயந்திரத்துக்கு இது எம்மாத்திரம்? சிறுசேரிக்கு நேரிலேயே போனேன். விவேக் முழுவதும் கேட்டார். அவர் கண்கூடக் கலங்கியது. “எனக்குப் புரியுது மேம். ஆனா அந்தக் குரல் எங்ககிட்ட இல்ல, மெயின் ஆபீஸ்லதான் இருக்கு. நாடகத்தத் தவிர வேற எதுக்கும் தர்றதில்லன்னு சொல்றாங்க. நான் மறுபடி எழுதறேன்.” எழுதினார். திரும்ப எழுதினார். நான் போன் செய்யும்போதெல்லாம், “இன்னும் பதில் வரல மேம்” என்று சொல்லிச் சொல்லி, பிறகு என் அழைப்பை எடுக்கவே அவருக்குச் சங்கடமாகிவிட்டது. யார் மேல் கோபப்படுவது?

நானே இலவசமாகக் கிடைத்த ஒரு கருவியில் முயன்றேன். மூலப் பதிவுகள் எல்லாம் நிறுவனத்திடம் போய்விட, என்னிடம் மிஞ்சியவை பின்னணி இசை கலந்த துண்டுகள்தான். அதில் வந்த குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. அண்ணன் கேட்டுவிட்டு, “ரேடியோ கெட்டுப்போச்சாமா?” என்றார். நீங்கள் என்னைப் பார்த்து, போகட்டும் விடு என்று கையசைத்தீர்கள்.

அதனால் நானே வர ஆரம்பித்தேன். உங்கள் உதட்டைப் பார்த்து உரக்கச் சொல்வேன், அவர் பதில் சொல்வார். நம் மூன்று பேருக்கும் அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஃபேனைக் குறை. பால்காரர் வந்துவிட்டார். சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறாய் மாமா. சில சமயம் நான் தவறாகப் படித்துவிடுவேன். அவர் குழம்புவார், நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். படப்பிடிப்பு இருந்தால் வர முடியாது. அந்த நாட்களில் உங்கள் வீட்டில் எவ்வளவு பேச்சு சொல்லப்படாமல் கிடந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

நோய் மறுபடி வந்தது. இந்த முறை நுரையீரல். உங்களை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாள் ஒரு மதிய வேளை. தெருவில் ஸ்கூல் வேன் பிள்ளைகளை இறக்கிவிடுகிற சத்தம். அண்ணன் கட்டிலோரம் உங்கள் கையைப் பிடித்திருந்தார், நான் தலைமாட்டில். நீங்கள் கண் திறந்தீர்கள். உதடுகள் மூடின, திறந்தன, மறுபடி மூடின, திறந்தன. பிறகு ஒன்றும் இல்லை.

“இன்னா சொன்னா?” என்று அண்ணன் கேட்டார்.

உதட்டைப் பார்த்துப் படிப்பவர்களுக்குத் தெரியும், சத்தமில்லாமல் சொன்னால் ‘மாமா’வும் ‘பாப்பா’வும் ஒன்றுதான். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும்.

“மாமான்னு கூப்ட்டாங்கண்ணா,” என்றேன்.

அவர் உங்கள் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். உங்களைக் கேட்டுச் சரிபார்க்க எனக்கு வழியில்லை.

உங்கள் குரல் மட்டும் போகவில்லை. கொஞ்ச நாளில் வேறொரு நாடகத்தில், வேறொரு நடிகையின் வாயில் வந்தது. பிறகு இன்னொன்று. விவேக்கிடம் கேட்டேன். “அந்தக் குரலுக்கு ரெஸ்பான்ஸ் நல்லா இருக்கு மேம். அக்ரிமென்ட்ல குரலும் சேர்த்திதானே,” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்தேன். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் நிறுத்தச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். ஓடி வந்தேன் உங்கள் வீட்டுக்கு.

அண்ணன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். உள்ளே நீங்கள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

“வேணாம்மா,” என்றார்.

“அது அக்கா இல்லண்ணா. யாரோ ஒருத்தி முகம். அக்கா பேசாததெல்லாம் பேசுது.”

“மூஞ்சி வேறன்றது உங்களுக்கு. எனக்கு இன்னா தெரியுது? எனக்கு அவதான். எங்கியோ வேலைக்குப் போயி எவளையோ திட்டிகினு கீறான்னு நெனச்சுகினு படுத்துக்கறேன். நீ அத்த நிறுத்திட்டா அப்பால எனக்கு இன்னாமா கீது?”

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவரே தொடர்ந்தார்: “திட்றத தவிர வேற ஒண்ணும் பேச மாட்டேங்கறா. அதான் பேஜாரா கீது. நீதானே எழுதற? ஒரு நல்ல வார்த்த எழுதக் கூடாதா?”

எழுதினேன். அந்தக் குரல் பேசும் அடுத்த கதையை நானே கேட்டு வாங்கினேன். அதில் வில்லி வாசலில் திரும்பி நின்று கணவனிடம், “மாமா, சாப்ட்டியா?” என்று கேட்கிறாள். அவ்வளவுதான். வெட்டிவிட்டார்கள். “வில்லி போய் சாப்ட்டியான்னு கேட்டா அந்த எடத்துலயே ஜனங்க தள்ளிட்டுப் போயிடுவாங்க மேம்” என்றார் விவேக். வேறொரு கதையில் வேறு மாதிரி வைத்தேன். அதையும் எடுத்துவிட்டார்கள். கடைசியில், அவள் கணவன் தட்டில் விஷம் கலப்பதாக எழுதினேன். கலந்துவிட்டு, சிரித்தபடி, “மாமா, சாப்ட்டியா?” என்கிறாள்.

பிரமாதம் என்றார்கள். அந்தப் பகுதி அதில்தான் முடிகிறது.

அதை அண்ணனுக்குப் போட்டுக்காட்ட எனக்குக் கை வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கேட்டு அவரே கண்டுபிடித்துவிட்டார். நான் போனபோது கேட்டுக்கொண்டிருந்தார். பயமுறுத்துகிற இசை, கரண்டி தட்டில் இடிக்கிற சத்தம், பிறகு உங்கள் குரல். “மாமா, சாப்ட்டியா?”

“துன்னுட்டேன்டி,” என்றார் அவர், கைப்பேசிக்கு.

நான் நிற்பதை உணர்ந்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார். “வெசம் வெச்சிகினு கேக்கறா இல்ல?” என்றார்.

“ஆமாண்ணா.”

“பரவால்ல. கேட்டாளே.”

மறுபடி அழுத்தினார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இப்போதும் அந்தக் குரலுக்கு நான்தான் எழுதுகிறேன், அக்கா. விட்டுவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். உங்கள் இழுப்பும் வெட்டும் தெரியாத யாராவது. எழுதாமலிருக்கவும் முடியவில்லை, எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. நேற்று கோவளத்தில் வீட்டைப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அடுத்த மாதம் அங்கே படப்பிடிப்பு. முகம் யாருடையது என்று நிறுவனத்தில் இன்னும் சொல்லவில்லை.

நிறுவனத்திடம் உங்கள் குரல் முழுவதும் இருக்கிறது. அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான், குரல் போன பிறகு நீங்கள் பேசியது. மைக்கில் ஏறாத பேச்சு அது. ஃபேன், பால், திருப்பிப் போட்ட சட்டை, மழை வருகிறது துணியை எடு, இவருக்கு முடி வெட்டிவிட ஆள் பார். எல்லாம் என்னிடம் இருக்கிறது, ஒன்றையும் விடவில்லை. வேலைக்கு நடுவில் சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். உங்கள் உதடுகள் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் அன்று அவற்றை உரக்கச் சொன்னது நான். அதனால் எப்போது நினைத்தாலும் அவை என் குரலில்தான் கேட்கின்றன.